காட்டுங்க பாப்போம்

பசறையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறுகிற பாதையில் எந்த முடக்கில் ஹோர்ன் அடிக்க வேண்டும், எந்த முடக்கில் மூச்சைப் பிடிக்க வேண்டும் என்று என்னைக் கேளுங்கள். கண்ணைக் கட்டிவிட்டாலும் வண்டியைக் கொண்டுபோய் மேலே நிறுத்துவேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். லொறியில் கிளீனராக ஏறினவன் நான். இன்றைக்கு மூன்று வேன் என்னுடையது, வீடு என்னுடையது, வீட்டுக்குப் போகிற கொங்கிரீட் பாதையும் நான் போட்டது. துரைமாரோடு பேசியிருக்கிறேன், பொலிசோடு பேசியிருக்கிறேன், மந்திரியோடுகூட ஒரு தடவை பேசியிருக்கிறேன். யாரும் என் வாயை அடைத்தது கிடையாது.

ஒருத்தி அடைத்திருக்கிறாள். என்னுடைய வேனுக்குள்ளேயே வைத்து அடைத்தாள்.

அப்போது என்னிடம் ஒரு வேன்தான். நானே ஓட்டினேன். மேல் தோட்டங்களிலிருந்து சீனி வருத்தக்காரர்களையும் பிரஷர்காரர்களையும் ஏற்றிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போவேன், சாயந்தரம் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவேன். அவள் கொழுந்து பறிக்கிறவள், சீனி வருத்தக்காரி. நல்ல உயரம். லயத்து வரிசை வீடுகளின் வாசலில் எல்லாரும் நிமிர்ந்து நுழைவார்கள், அவள் தலையைக் குனிய வேண்டும். முதல் நாள் யாரையும் கேட்காமல் முன் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அது எனக்கு வேண்டியவர்கள் உட்காருகிற சீட்டு. சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் கேட்டாள்.

"எண்ணெ இருக்கா அண்ணே?"

"நெறைய இருக்கு தங்கச்சி."

"காட்டுங்க பாப்போம்."

சாவியைத் திருப்பி டீசல் முள்ளைக் காட்டினேன். முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"பாதிக்குக் கீழல்ல நிக்குது. நெறையன்னா மேல நிக்கணுமே."

பின்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிரஷர்காரர்கள் கூடச் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தச் சீட்டு அவளுடையது.

திமிர் பிடித்தவள் என்று நினைக்காதீர்கள். எனக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் கேட்டே விட்டேன். "ஏன் தங்கச்சி, என்னை நம்பலையா?" என்றேன்.

"நம்புறேன் அண்ணே. நம்புறதுக்கும் பாக்குறதுக்கும் என்ன சண்டை? நம்பிக்கிட்டே பாக்கலாமில்ல."

அவளுடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதே கதைதான். பையன் குடிக்க மாட்டான், வாசனைகூடப் பிடிக்காது என்று பையனின் மாமா அளந்து விட்டுக்கொண்டிருந்தாராம். இவள் தேத்தண்ணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் ஊதுங்க பாப்போம்" என்றாளாம். பையன் ஊதினான். வாசனை வரவில்லை. அந்தப் பையனுக்கே மகளைக் கொடுத்தாள். இன்றைக்கும் அவன் நல்ல பிள்ளைதான். மாமாதான் அன்றைக்குக் குடித்துவிட்டு வந்திருந்தார் என்று அவள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தப் பழக்கத்தை அவள் கற்றுக்கொண்டது கொழுந்து நிறுக்கிற இடத்தில். கையெழுத்துப் போடத் தெரியாது, பெருவிரல்தான். ஆனால் தராசு முகப்பில் முள் நிற்கிற இடத்தைப் பார்த்துப் பார்த்து எண் படித்துக்கொண்டவள். அவளுடைய தோட்டத்தில் சாயந்தரமானால் தொங்குகிற தராசில் கொழுந்துச் சாக்கை மாட்டுவார்கள். கணக்கப்பிள்ளை குனிந்து பார்த்து எடையைச் சொல்வார். சொல்லும்போதே ஈரத்துக்கு என்று கொஞ்சம், சாக்குக்கு என்று கொஞ்சம் கழித்துத்தான் சொல்வார். மழை நாளில் கழித்தால் நியாயம். அவர் வெயில் நாளிலும் கழிப்பார்.

"ஐயா, பகலெல்லாம் மண்டை வெடிக்க வெயில். ஈரம் எங்க? காட்டுங்க பாப்போம்" என்று இவள் சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி கொழுந்தை எடுத்து அவர் சட்டைக்கு நேரே பிழிவாளாம். ஒரு சொட்டு விழாது.

"நீ என்ன தோட்டத்துத் துரையா?"

"துரைக்கு எங்கங்கய்யா நேரம். அதான் நான் பாக்குறேன்."

தன் சாக்கை நிறுத்ததும் போய்விட மாட்டாள். கடைசிப் பெண்ணின் சாக்கு இறங்குகிற வரைக்கும் தராசுக்குப் பக்கத்தில் நிற்பாள். அவள் நிற்கிற நாளில் முள் சொல்வதைத்தான் கணக்கப்பிள்ளையும் சொல்வார். அதனால் மலையில் கொழுந்து பறிக்கும் போதே மற்றப் பெண்கள் அவளைப் பார்த்துக் கேட்பார்களாம், "அக்கா இன்னைக்கு நிப்பீங்கதானே?" என்று.

இப்படிப்பட்டவளுக்குத்தான் கண்ணில் புரை விழுந்தது.

முதலில் என் வேனின் எண்ணெய் முள் மங்கியது. "கண்ணாடியத் தொடைக்கிறதே இல்லையா அண்ணே" என்று என்னைத் திட்டினாள். நான் காலையில்தான் துடைத்திருந்தேன். என் வண்டியில் தூசி இருக்காது, அதைப் பசறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறுபடியும் துடைத்தேன். அடுத்து தராசு மங்கியது. கணக்கப்பிள்ளை கெட்டிக்காரர், ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு எடையைச் சொல்லிவிட்டு ரொம்ப அன்பாக, "என்னம்மா, சரியா இருக்கா? பாத்துக்க" என்பாராம். அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சாக்கு சாக்காகப் பெண்களின் கொழுந்து குறைந்தது. அவள் பக்கத்தில் நின்றும் குறைந்தது.

கண் டொக்டர் பார்த்துவிட்டு, ஆபரேசன் செய்தால் பழையபடி தெரியும் என்றார். ஆனால் காலைச் சீனி இறங்க வேண்டும், இந்த அளவில் கத்தி வைத்தால் புண் ஆறாது, கண்ணே கெட்டுப்போகலாம் என்றார். திகதி கொடுத்தார்கள். அன்று காலை இரத்தம் பார்த்தார்கள், முந்நூறுக்குக் கிட்ட. திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு திகதி. மறுபடியும் அதே கதை.

பகலில் ஒரு மாதிரி இருந்தாலும் விடியற்காலையில் அவளுக்குச் சீனி உச்சியில் நின்றது. கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் அவள் போடுகிற இரவு இன்சுலின் ஊசியின் அளவை ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றச் சீனி இறங்க மாட்டேன் என்றது. சிங்கள டொக்டர் அம்மா ஒருவர், சின்ன வயது, தமிழ் கொஞ்சம் பேசுவார். "அக்கா ராவைக்கு ரொட்டி நிறைய சாப்பிடுறது. பொய் சொல்ல வேணாம்" என்றாராம்.

அன்றைக்கு வேனில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். ஹாலிஎலயில் ஒரு சாமான் ஏற்ற வேண்டியிருந்ததால் அன்று சுற்றுப்பாதை. அவ்வளவு நேரமும் திரும்பவில்லை. கடைசியில், "திங்காதத தின்னேன்னு சொல்லிட்டாங்க அண்ணே. இருங்க, பாத்துருவோம்" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் இஸ்தோப்புக்கு வந்துவிட்டாள். ஒரு ரொட்டி, கொஞ்சம் கீரை, கொஞ்சம் பருப்பு. லயத்து ஆட்கள் எல்லாரும் பார்க்கும்படி வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "எல்லாரும் பாத்துக்குங்க. நாளைக்கு எவளாவது மாத்திப் பேசினா இங்கதான் கூப்புடுவேன்" என்றாள். பால் ஊற்றாத சாயத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்து, வெறும் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினாள். இருந்தும் காலையில் உச்சி.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண்ணூறு என்றார்கள். பலாக்காய் என்றார்கள். நான் சொன்னேன், மருந்து சூட்டில் கெட்டிருக்கும், அடுப்புக்கு மேலே வைத்திருப்பாய் என்று. ஈரமில்லாத இடம் என்று லயத்தில் நல்ல சாமான் எல்லாம் அங்கேதான் இருக்கும். "வந்து பாருங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு எட்டாத மூலையில், ஈர மணல் நிரப்பிய மண்சட்டிக்குள் மருந்துப் போத்தல் மூடியோடு பத்திரமாக இருந்தது. சட்டி குளுகுளு என்றிருந்தது. என் வீட்டுப் பிரிட்ஜ் பெரிய பிரிட்ஜ், அது வேறு விஷயம். ஆனால் அவள் சட்டியில் ஒரு பிழையும் சொல்ல முடியவில்லை.

கிளினிக்கில் ஒரு மிஸ்ஸி இருந்தார், ஊசி மருந்து கொடுக்கிற நர்ஸ். பண்டாரவளைப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, தமிழ் தேன் மாதிரிப் பேசுவார். அவர்தான் சொன்னார். "காலைச் சீனிய மட்டும் பாத்தா கதையோட கடைசிப் பக்கம்தான் தெரியும். சிலருக்கு நடுச்சாமத்துல ரொம்ப இறங்கி, பிறகு துள்ளி ஏறும். சிலருக்கு விடியப்போற நேரம் மட்டும் ஏறும். சிலருக்குப் படுக்கும்போதே கூடி இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் செய்ற வேலை வேற. சீனி பாக்குற மீட்டர் கிடைச்சா படுக்க முன்னாடி ஒருக்கா, நடுச்சாமத்துல ஒருக்கா, எழும்பினதும் ஒருக்கா பாருங்க."

வேனுக்குத் திரும்பி வந்தவளின் முகத்தில் வெளிச்சம். கிளினிக்குக்குப் போகத் தொடங்கி இத்தனை வருசத்தில் முதல் தடவையாக ஒருவர் அவளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்!

"அண்ணே, ஒங்க சீனி மெசின் இருக்கே."

எனக்கும் இன்சுலின்தான். ஆனால் என்னிடம் மீட்டர் உண்டு, நல்ல கம்பெனி மீட்டர். இன்னொன்று வாங்க எனக்கு வழியில்லையா? அப்படியே தூக்கிக் கொடுத்தேன், ஸ்ட்ரிப்போடு. விரலில் எங்கே குத்த வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவள் மீட்டரை மூக்கில் ஒட்டுகிற மாதிரிப் பிடித்துப் பார்த்தாள். "இது தெரியுது அண்ணே. எழுத்து பெருசா இருக்கு. தராச இப்படிக் கையில தூக்க முடியலியே" என்றாள்.

சில இரவுகள் பார்த்தாள். ஒன்றையும் எழுதவில்லை, எழுதத் தெரியாதே. அத்தனையும் மனதில் வைத்து வந்து மிஸ்ஸியிடம் ஒப்புவித்தாள். படுக்கும்போதும் உயரம், நடுச்சாமத்திலும் உயரம், விடியவும் உயரம். நடுவில் இறங்கவே இல்லை.

மிஸ்ஸி கேட்டுவிட்டு யோசித்தாராம். "இவ்வளவு ஊசிக்கு இறங்காம இருக்காதே. ஊசி எங்க போடுறீங்க? காட்டுங்க பாப்போம்."

தன் பேச்சையே இன்னொருத்தர் வாயில் கேட்டதும் இவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். திரைக்குப் பின்னால் போய்க் காட்டியிருக்கிறாள்.

கொழுந்து பறிக்கிற பெண்கள் சேலைக்கு மேலே இடுப்பில் படங்கு என்கிற தடித்த சாக்குத் துணி கட்டுவார்கள், தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க. அதைக் கயிற்றால் இறுக்கி முடிவார்கள். வருசக் கணக்கில் கயிறு உரசி உரசி இடுப்பில் அந்த இடம் மரத்துப்போயிருக்கும். இவள் ஊசி தொடங்கின காலத்தில், அங்கே போட்டால் வலிக்காது என்று கண்டுபிடித்திருக்கிறாள். அன்றிலிருந்து ஒரே இடம். அந்த இடம் மெதுவாகத் தடித்து, அவித்த கிழங்கு மாதிரி வீங்கி நின்றது. கயிற்றுத் தழும்புதானே என்று விட்டுவிட்டாள்.

மிஸ்ஸி அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம். "இது கயிறு செஞ்சதில்ல. ஒரே எடத்துல ஊசி போட்டுப் போட்டு வந்த கட்டி. இதுக்குள்ள போடுற மருந்து இங்கேயே தங்கிரும், ஒடம்புல ஒழுங்கா சேராது. அதான் ஏத்த ஏத்த எறங்கல்ல."

டொக்டர் அம்மாவும் வந்து அமுக்கிப் பார்த்தாராம். "அக்கா பொய் சொல்ல இல்ல" என்றாராம். பிறகு இரவு ஊசியைக் குறைத்தார். புது இடத்தில் போட்டால் மருந்து முழுசாக வேலை செய்யும், சீனி ஒரேயடியாகக் கீழே போகலாம், நடுச்சாமத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும், தனியாகப் படுக்கக் கூடாது, குளுக்கோஸைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், நடுக்கம் வந்தால் உடனே குடிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாராம்.

திரும்பி வருகிற வழியில்தான் என் வாய் அடைபட்டது. பசறை தாண்டி முதல் முடக்கில் திடீரென்று, "வண்டிய நிப்பாட்டுங்க அண்ணே" என்றாள். நிறுத்தினேன்.

"கொஞ்சம் எறங்குங்க."

"நானா?"

"நீங்கதான். மத்த ஆம்பளைங்களும் எறங்குங்க."

"தங்கச்சி, இது என் வேன்! மழ தூறுது!"

"ஒங்க வேன்தான், யாரு இல்லைன்னா. கதவச் சாத்திட்டு அங்கிட்டு திரும்பி நில்லுங்க."

அவளுடைய தோட்டத்திலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் ஊசி போடுகிறவர்கள், பின் சீட்டில் இருந்தார்கள். வலிக்காத இடம் என்று அவர்களுக்கு இடுப்பைக் காட்டிக் கொடுத்தவளே இவள்தான். வீடு போகும் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நாங்கள் ஆண்கள் எல்லாரும் பாதையோரத்தில் மழையில் நனைந்துகொண்டு மலையைப் பார்த்து நின்றோம். உள்ளே இருந்து சத்தம் வந்தது.

"காட்டுடி பாப்போம்."

"ஐயோ அக்கா, கூசுது!"

"கூசினா நல்லது. கூசாத எடந்தான் கெட்டுப்போச்சு. இந்தா, இங்க பாரு, கல்லு மாதிரி இருக்கு. இனிமே இங்க போட்டேன்னு தெரிஞ்சுது, கைய ஒடிச்சுருவேன். அடுத்த கிளினிக்ல மொதல் ஆளா மிஸ்ஸிகிட்ட நிக்கணும்."

"நீங்கதானே அக்கா இங்க போடச் சொன்னீங்க?"

"சொன்னேன். இப்ப நான்தான் வேணாங்கிறேன். கேளு."

நனைந்த சட்டையோடு வண்டியில் ஏறினேன். அன்றிரவு நானும் வீட்டில் சட்டையைத் தூக்கி வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். என்னுடையது பஞ்சு மாதிரி இருந்தது. நான் எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

புது இடத்தில் ஊசி போட்ட இரண்டாவது இரவு எனக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, வேர்த்து ஊத்துது. கை நடுங்குது."

"குளுக்கோஸக் கரைச்சுக் குடி! ஓடு!"

"இருங்க, பாத்துட்டு..."

"பாக்குற நேரமா இது? குடிடி மொதல்ல!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. லயத்தில் அடுத்த காம்பராக்காரி அன்றைக்கு இவளோடு படுத்திருந்தாள். அவள் கோப்பையைக் கலக்குகிற சத்தம் போனில் கேட்டது. அதே நேரம் மீட்டர் கீச்சென்று கத்துகிற சத்தமும் கேட்டது. இவள் ஒரு கையில் கோப்பையும் ஒரு கையில் மெசினுமாக இருந்திருக்கிறாள். பிடிவாதம் என்றால் அப்படி.

"தங்கச்சி? தங்கச்சி!" என்று கத்தினேன்.

"அம்பத்தஞ்சு அண்ணே!" என்றாள். ஏதோ பரிசு விழுந்த மாதிரிச் சொன்னாள். "எறங்கிருச்சு! ஊசி வேல செய்யுது அண்ணே!"

"குடிச்சியா?"

"குடிச்சிட்டேன், குடிச்சிட்டேன். கால் மணி நேரத்துல திரும்பப் பாக்கணும்னு மிஸ்ஸி சொல்லிச்சு. போன வைக்காதீங்க."

போனை வைக்காமல் காத்திருந்தோம். திரும்பப் பார்த்தாள். நூறைத் தாண்டியிருந்தது. இரண்டு பிஸ்கட் சாப்பிட்டாள். விடிந்ததும் நான் வேறு வேலையை விட்டுவிட்டு அவளைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டொக்டர் அம்மா ஊசியை இன்னும் குறைத்தார். தானாக ஒரு யூனிட்கூட ஏற்றவோ இறக்கவோ கூடாது என்றார். அதை அவள் அப்படியே கேட்டாள். பார்க்கிற வேலை அவளுடையது, குறைக்கிற வேலை டொக்டருடையது என்று பிரித்துக்கொண்டாள். வயிற்றில் வலது, இடது, தொடையில் வலது, இடது என்று முறை வைத்து இடம் மாற்றினாள். மலையில் நிரை மாற்றிக் கொழுந்து எடுக்கிற மாதிரி, எடுத்த இடத்தைத் தளிர்க்க விட்டு அடுத்த இடம் போவாள். நடுச்சாமத்தில் எழும்புவதை ஒரு வேலையாகவே செய்தாள். மழை, குளிர், பனி, எதற்கும் விடவில்லை. வாரம் போகப் போகக் காலைச் சீனி படி இறங்கியது. மூன்றாவது திகதிக்குப் போன அன்று காலை பார்த்தார்கள், நூற்றிமுப்பது. கண்ணை ஆபரேசன் செய்தார்கள்.

மறுநாள் கட்டை அவிழ்த்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். வேனில் ஏறியதும் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க தலைக்கு மையா பூசுறீங்க?"

நான் சாவியைத் திருப்பினேன். எண்ணெய் முள்ளைப் பார்த்தாள். "இன்னைக்கு நெறைய இருக்கு" என்றாள்.

பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தூசியில் நிற்கக் கூடாது, சில வாரத்துக்கு வேலைக்குப் போகக் கூடாது என்பது டொக்டர் சொன்னது. நேரே லயத்துக்குப் போய்ப் படு என்றேன் நான். நாங்கள் மேலே ஏறும்போது சாயந்தர நிறுவை நடந்துகொண்டிருந்தது. "நிப்பாட்டுங்க" என்றாள். "வேலைக்குப் போகல்ல அண்ணே. பாக்கத்தான் போறேன்."

கறுப்புக் கண்ணாடியும் அந்த உயரமுமாக அவள் நடந்து வருவதைப் பார்த்ததும் சாக்குகளோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கணக்கப்பிள்ளை குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"பதினேழு" என்றார்.

"காட்டுங்க பாப்போம்."

"வந்து பாரேன்மா. யார் மறைச்சா?"

அவள் தராசுக்கு முன்னால் போய் நின்றாள். முள் அவள் நெஞ்சுக்கு நேரே இருந்தது. எல்லாரும் அவள் குனிவாள் என்று பார்த்தார்கள். அவள் கம்பு மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

"ஐயா, நான் குனியக் கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்கு. தராசத் தூக்கிக் கட்டுங்க."

"என்னது?"

"தூக்கிக் கட்டுங்கன்னேன். என் கண்ணுக்கு நேரா."

அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். பின்னால் இருந்து ஒரு பெண், "கட்டுங்கய்யா" என்றாள். இன்னொருத்தி சொன்னாள். பிறகு எல்லாரும் சொன்னார்கள். சாக்கை இறக்கினார்கள். கொக்கியை அவிழ்த்து, கயிற்றைச் சுருக்கி, அவள் உயரத்துக்கு முடிச்சுப் போட்டார்கள். அதே சாக்கை, இப்போது இரண்டு பேர் சேர்ந்து தூக்கி மாட்டினார்கள். அவள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. முள் ஆடி நிற்கும் வரைக்கும் பொறுத்திருந்தாள்.

"இருவது" என்றாள்.

"சாக்குக்கு ஒண்ணு" என்றார் கணக்கப்பிள்ளை.

"சாக்குக்கு ஒண்ணு குடுத்தாச்சு. பத்தொம்பதுன்னு போடுங்க."

போட்டார். கடைசிச் சாக்கு வரைக்கும் நின்று பார்த்தாள். நானும் வேனை வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் இப்போது இங்கே இல்லை. மகள் குடும்பம் வவுனியாப் பக்கம் காணி எடுத்துப் போனது, அவளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னுடைய மீட்டரும் அவளோடு போனது. கேட்கவில்லை, நான் கொடுத்த சாமானைத் திருப்பிக் கேட்கிற ஆள் கிடையாது. அந்தக் கணக்கப்பிள்ளையும் மாறிப் போய்விட்டார். இப்போது இருப்பவர் கட்டையான மனுசன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், தராசுக்குக் கீழே ஒரு கல்லைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றுதான் எடை பார்க்கிறார். கயிற்றை இறக்கிக் கட்டினால் என்ன என்று ஒரு நாள் கேட்டேன்.

"பொம்பளைங்க விட மாட்டேங்கிறாங்க" என்றார்.